சுவிச்சில் பறக்கும் பொறி: வால்வு அம்ப்ளிபயரின் ‘டப்’ சத்தத்தை அடக்குவது எப்படி?

எங்கள் வீட்டு வால்வு அம்ப்ளிபயரை நிறுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். பக்கத்து அறையில் மத்திய அலை வானொலி ஓடிக்கொண்டிருந்தால் அதிலும் ‘கிறிக்’ என்று கேட்கும். பழைய சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பழகிப்போனோம். எப்போதோ ஒரு திருத்துநர் அந்தச் சத்தத்தைக் குறைக்க உள்ளே ஒரு சின்ன வேலை செய்திருக்கிறார். போன வருடம் அம்மா ஈரக்காலோடு நின்று அதன் தூசியைத் துடைத்தபோது கரன்ட் அடித்தது அந்த வேலையால்தான். ட்ரிப் சுவிச் விழுந்தபடியால் அம்மா இருக்கிறா.

அந்த அம்ப் அப்பப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில், 1960களில், ஒரு நண்பருடன் சேர்ந்து கட்டியது. பிரித்தானிய முல்லார்ட் கம்பனி வீட்டில் கட்டுபவர்களுக்காக வெளியிட்ட ‘5-10’ என்ற சுற்றுதான் அதன் மாதிரி. ஐந்து வால்வு, பத்து வாற்று. பெயரின் பொருள் அவ்வளவுதான். ஒரு ஈஎஃப்86, ஒரு ஈசிசி83, இரண்டு ஈஎல்84, மின்னோட்டத்தைச் சீராக்க ஒரு ஈசெட்81. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில் அது ஒரு மூலையில் கிடந்தது. 1995 இடம்பெயர்வில் விட்டுவிட்டுப் போனோம்; திரும்பி வந்தபோது வீட்டில் பல சாமான்கள் இல்லை, இது இருந்தது. பாரம் கூட என்பதால் யாரும் தூக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

கரன்ட் அடித்த பிறகு, எழுபதைத் தாண்டிய, இப்போது கடையை மூடிவிட்ட ஒரு ரேடியோ திருத்துநரிடம் அதைக் கொண்டுபோனேன். அவரைப் பெயர் சொல்லி எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இங்கே ஐயா என்றே குறிப்பிடுகிறேன். அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வசனம்: “பிள்ளை, சத்தத்தை நிப்பாட்டுறது லேசு. ஆளை நிப்பாட்டாமல் நிப்பாட்டவேணும்.”

அவரிடம் நாலைந்து பின்னேரங்கள் இருந்து கற்றதையும், பிறகு நானே படித்துச் சரிபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பழைய வால்வு ரேடியோவோ, ரேடியோகிராமோ, கிற்றார் அம்ப்போ வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லவேண்டும். இவற்றின் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்டம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொண்டென்சர்களில் அது தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் இதை வாசித்துவிட்டுத் திருத்துநரிடம் சரியான கேள்விகளைக் கேட்டாலே போதும்.

பொறி எங்கிருந்து வருகிறது

பாடசாலைப் புத்தகத்தில் ‘ஆளி’ என்று படித்த அதே சுவிச்தான். உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டால் மின்னோட்டம் போகும், விலகினால் நிற்கும். ஒரு சாதாரண இழை மின்குமிழை நிறுத்தும்போது அது உண்மையிலேயே நின்றுவிடும். அம்ப்ளிபயரில் அப்படியில்லை. மெயின்ஸ் மின்சாரம் முதலில் ட்ரான்ஸ்போமரின் முதன்மைச் சுருளுக்குள் போகிறது. அந்தச் சுருள் இரும்பு அகணியில் காந்தப்புலமாகச் சக்தியைச் சேமித்து வைத்திருக்கிறது. சுவிச் திடீரென்று விலகும்போது புலம் சரிகிறது. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக வெட்டப்படுகிறதோ அவ்வளவு பெரிய வோல்ற்றளவைச் சுருள் தானே உண்டாக்கும். 230 வோல்ற் கொடுத்த இடத்தில் ஒரு கணத்துக்கு ஆயிரம் வோல்ற்றுக்கு மேலும் எழக்கூடும்.

அப்போதுதான் விலகத் தொடங்கியிருக்கும் தொடுகைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீற்றர்கூட இடைவெளி இருக்காது. அந்தக் காற்று அயனாகி மின்னைக் கடத்துகிறது. இதுதான் மின்வில், நாம் சொல்லும் பொறி. இருட்டில் பழைய பேக்கலைற் சுவிச்சைத் தட்டிப் பார்த்தால் இடுக்கால் நீல வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கொஞ்சம் உருக்கி ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு எறிகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் ஒரு பக்கம் குழியும், மறுபக்கம் மேடும், நடுவில் கரியும் மிஞ்சும். கரியேறிய தொடுகை சரியாகத் தொடாது; சரியாகத் தொடாதது இன்னும் பொறிக்கும்.

நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம், மெயின்ஸ் ஆடலோட்டம். 50 ஹேர்ட்சில் அது விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. அந்த இடத்தில் வில் தானாக அணைந்துவிடும். நேரோட்டத்தில் அந்த வசதி இல்லை. 250 வோல்ற் ஆடலோட்டத்துக்கு 3 அம்பியர் என்று பொறித்த சிறிய சுவிச் ஒன்று, நேரோட்டமென்றால் ஏறத்தாழ 30 வோல்ற் வரைக்கும்தான் அந்த அளவைத் தாங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போடும்போது நடப்பது வேறு. எங்கள் அம்ப் சூடான பிறகு எடுப்பது ஏறத்தாழ 0.3 அம்பியர்தான். ஆனால் போட்ட கணத்தில் அகணியில் காந்தப் பாயம் நிலைகொள்ளாமல் இருக்கும். அகணி தெவிட்டினால் சுருள் வெறும் செப்புக் கம்பி மாதிரி நடந்துகொள்ளும். வால்வுகளின் சூடாக்கி இழைகளும் குளிர்ந்திருக்கும்போது சூட்டில் இருக்கும் தடையின் சிறு பங்கையே காட்டும். இரண்டும் சேர்ந்தால் 0.3 அம்பியர் பெட்டி ஒரு கணத்துக்குப் பல அம்பியர்களை இழுக்கும். அதே கணத்தில் சுவிச்சின் தொடுகைகள் பந்து மாதிரிச் சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு பொறி. அதனால்தான் ‘3 அம்பியர் சுவிச், 0.3 அம்பியர்தானே’ என்ற கணக்கு பொய்த்துப்போகிறது.

ஸ்பீக்கருக்கு எப்படி வந்து சேர்கிறது

இங்கே ஐயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “போடேக்க ‘டப்’ எண்டு கேக்குதா, நிப்பாட்டேக்கயா?” நிறுத்தும்போது என்றேன். அவர் சிரித்தார். போட்ட கணத்தில் வால்வுகள் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருக்கும். பத்துப் பதினைந்து விநாடிக்கு அவை எதையும் பெருக்காது. ஆகவே போடும்போது வரும் சத்தம் பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் ‘தும்’ என்று அதிரும் சத்தம், ஸ்பீக்கர் வழியாக வருவதில்லை. நிறுத்தும்போது நிலைமை தலைகீழ்: வால்வுகள் சூடு, உயர் வோல்ற்றளவுக் கொண்டென்சர்கள் நிறைந்திருக்கின்றன. நிறுத்திய பிறகும் பாட்டு இரண்டு மூன்று விநாடி இழுபட்டுப் போவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பொறிக்கும் எதையும் அம்ப் விசுவாசமாகப் பெருக்கிக் கொடுக்கும்.

மின்வில் ஒரு மோசமான வானொலிப் பரப்பி. அது ஒரு மீடிறனில் அல்ல, கிலோஹேர்ட்ஸ் தொடக்கம் பல மெகாஹேர்ட்ஸ் வரை பரவலாகக் கத்துகிறது. சுவிச்சுக்குப் போகும் கம்பிகளே அன்டெனா. முதல் வால்வின் கிறிட் ஒரு மெகாஓம் தடையோடு காத்திருக்கிறது. அவ்வளவு உயர்ந்த தடையுள்ள இடம் பக்கத்தில் நடக்கும் எதையும் பிடித்துவிடும். ட்ரான்ஸ்போமரின் சுருள்களுக்கு இடையே இருக்கும் சிறிய கொள்ளளவம் வழியாகவும் ஒரு பங்கு உள்ளே நுழைகிறது. மிச்சம் வீட்டு வயர்கள் வழியே போய்ப் பக்கத்து அறை வானொலியில் ஏறுகிறது.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் இப்படியான ‘கிளிக்’குகளைக் கணினியில் ஒவ்வொன்றாக அழித்துப் பழகினேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சிறிய பற்றரி வானொலியை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, அம்ப்பின் சுவிச்சுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டு நிறுத்திப் பாருங்கள். ‘கிறிக்’ சுத்தமாக ஒரு தடவை வந்தால் தொடுகை இன்னும் நல்லது. ‘கர்ர்’ என்று இழுத்தால் கரியேறிவிட்டது. பிறகு அம்ப்பின் வால்யூமைப் பூச்சியத்தில் வைத்து நிறுத்திப் பாருங்கள். ‘டப்’ காணாமல் போனால் அது வால்யூமுக்கு முன்னால், முதல் வால்வின் பக்கம் நுழைகிறது. அப்படியே இருந்தால் பின்னால், பவர் சப்ளை வழியே வருகிறது.

கொண்டென்சரும் றெசிஸ்டரும்

பொறியை அடக்கும் அடிப்படை மருந்து நூறு வருடப் பழையது: ஒரு கொண்டென்சரும் ஒரு றெசிஸ்டரும் தொடராக. வழக்கமான அளவு 0.1 மைக்ரோபரட்டும் 100 ஓமும். சுவிச் விலகும்போது சுருளிலிருந்து வரும் மின்னோட்டத்துக்குக் காற்றைக் கிழிப்பதைவிட இலகுவான ஒரு வழியை இது கொடுக்கிறது. வோல்ற்றளவு திடீரென்று எகிறாமல் மெதுவாக ஏறும். அதற்குள் தொடுகைகள் போதுமான தூரம் விலகிவிடும்.

றெசிஸ்டர் எதற்கு? கொண்டென்சரை மட்டும் போட்டவர்கள் நிறையப் பேர். 230 வோல்ற் மெயின்சின் உச்சம் 325 வோல்ற். அந்த உச்சத்தில் சுவிச் மூடினால், வெறும் கொண்டென்சர் தொடுகைகள் வழியே ஏறத்தாழக் குறுஞ்சுற்றாக நடந்துகொள்ளும். பொறி குறைவதற்குப் பதில் தொடுகைகள் ஒட்டிப்போகும். 100 ஓம் இருந்தால் உச்ச மின்னோட்டம் 3.25 அம்பியருக்கு மேல் போகாது, அதுவும் பத்து மைக்ரோ விநாடி அளவில் முடிந்துவிடும். வழமையாக இதில் வீணாகும் வலு மிகச் சொற்பம். ஆனால் கால் வாற்று றெசிஸ்டரைப் போடாதீர்கள். அது இந்த உச்ச வோல்ற்றளவைத் தொடர்ந்து தாங்காது. ஒரு வாற்று, தீப்பிடிக்காத வகை நல்லது.

எங்கே இணைப்பது என்பதில் இரண்டு பழக்கம் இருக்கிறது. பல பழைய வரைபடங்களில் அது சுவிச்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே இருக்கும். என் தெரிவு அதுவல்ல. 0.1 மைக்ரோபரட் 50 ஹேர்ட்சில் ஏறத்தாழ 32 கிலோஓம் மாதிரி நடக்கும். அதாவது சுவிச் நின்ற நிலையிலும் 7 மில்லிஅம்பியர் வரை அதைச் சுற்றிக்கொண்டு போகமுடியும். சுவிச் நின்றிருக்கிறதே என்று நம்பி ட்ரான்ஸ்போமரின் ஒரு கம்பியைக் கழற்றியவரின் விரலுக்கு அந்த 7 மில்லிஅம்பியர் நன்றாகத் தெரியும். சுவிச்சுக்குக் குறுக்கேதான் போடவேண்டிய கட்டாயம் என்றால் 0.01 மைக்ரோபரட் போடலாம், கசிவு 0.7 மில்லிஅம்பியராகக் குறையும், பலனும் குறையும்.

சுவிச்சுக்குப் பிறகு, ட்ரான்ஸ்போமரின் முதன்மைச் சுருளுக்குக் குறுக்கே போடுவதே நல்லது. மெயின்ஸ் பக்கத்தில் தடை மிகக் குறைவு என்பதால் பொறியைப் பொறுத்தவரை இரண்டு இடமும் ஏறத்தாழ ஒன்றுதான். சுவிச் நின்றால் கசிவு எதுவும் இல்லை. மிஞ்சிய ஏற்றத்தைச் சுருளே வெளியேற்றிவிடும். இரண்டு கம்பியையும் வெட்டும் சுவிச் என்றாலும் ஒரு தொகுதி போதும். ஆனால் அது பியூசுக்குப் பிறகு இருக்கவேண்டும். கொண்டென்சர் ஒருநாள் குறுஞ்சுற்றானால் 100 ஓம் றெசிஸ்டர் 230 வோல்ற்றில் 500 வாற்றுக்கு மேல் சூடாகப் பார்க்கும். அதற்குள் 1 அம்பியர் பியூஸ் போய்விடும்.

இனிக் கொண்டென்சரின் வகை. இதில்தான் உயிர் இருக்கிறது. ‘400 வோல்ற்’ என்று எழுதிய எதையும் மெயின்சுக்குக் குறுக்கே போடலாம் என்று நம் கடைகளில் இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அந்த 400 நேரோட்டத்துக்கானது. மெயின்சில் நாள்தோறும் வரும் கூர்மையான எழுச்சிகளை அது தாங்காது, ஒருநாள் குறுஞ்சுற்றாகும். உயிர்க்கம்பிக்கும் நொதுமல் கம்பிக்கும் நடுவே போட ‘எக்ஸ்2’ என்ற வகுப்பு தனியாக இருக்கிறது. மேற்பரப்பில் வகுப்பும் 275 அல்லது 310 வோல்ற் ஆடலோட்டம் என்ற அளவும் பொறித்திருக்கும். உள்ளே ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள உலோகப்பூச்சு ஆவியாகித் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். 104 என்று எழுதியிருந்தால் 0.1 மைக்ரோபரட், 103 என்றால் 0.01. புதிதாக வாங்க முடியாதவர்கள் பழைய கணினிப் பவர் சப்ளையின் மெயின்ஸ் நுழைவாயிலில் பார்த்தால் கிடைக்கும். தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையோடு வரும் பழைய காகித வகை மட்டும் வேண்டாம். உறை வெடித்து ஈரம் ஏறி, ஒருநாள் அறை முழுக்கப் புகை நிறைக்கும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது இன்னும் சீக்கிரம்.

எழுச்சிகளை வெட்ட 275 வோல்ற் வரிஸ்டர் ஒன்றையும் அதே இடத்தில் குறுக்கே போடலாம். அது உச்சியை மட்டும் வெட்டும், கீழே உள்ள ‘கர்ர்’ரைத் தொடாது. ஒவ்வொரு எழுச்சியிலும் கொஞ்சம் தேயும். ஆகவே துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனி மருந்தாக அல்ல.

சேசிஸுக்குப் போன கொண்டென்சர்

எங்கள் பெட்டிக்குள் ஐயா கண்டுபிடித்தது இதுதான். மெயின்ஸ் கம்பி ஒன்றிலிருந்து நேராகச் சேசிஸுக்கு 0.05 மைக்ரோபரட், 600 வோல்ற் காகிதக் கொண்டென்சர் ஒன்று. திருத்துநர் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமல்ல அது. 1950, 60களில் அமெரிக்காவின் ஃபெண்டர் போன்ற கிற்றார் அம்ப்புகளிலேயே தொழிற்சாலையில் போட்டு வந்தது. இரண்டு கம்பி வயரில் எர்த் கிடையாது. இந்தக் கொண்டென்சர் சேசிஸை உயர் மீடிறனுக்கு மெயின்சோடு கட்டிப்போடும், இரைச்சல் குறையும். ஆங்கிலத்தில் அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘சாவுக் கொண்டென்சர்’.

கணக்குப் பார்த்தால் ஏன் என்று புரியும். நல்ல நிலையில் இருக்கும்போதே 230 வோல்ற்றில் அது 3.6 மில்லிஅம்பியர் வரை சேசிஸுக்கு விடும். எங்கள் அம்ப்பைத் தொட்டால் சில நாளில் கை கூசும், பிளக்கைத் திருப்பிக் குத்தினால் கூச்சம் போய்விடும். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். கொண்டென்சரின் கம்பி நொதுமல் பக்கம் போனதால் கூச்சம் நின்றது என்பது எவருக்கும் தெரியாது. ட்ரிப் சுவிச் 30 மில்லிஅம்பியருக்குத்தான் விழும், 3.6 அதற்குத் தெரியவே தெரியாது. இப்படி வருடக்கணக்கில் கூசிக்கொண்டிருந்த கொண்டென்சர் கடைசியில் உள்ளே முழுதாகக் குறுஞ்சுற்றானது. அதன் பிறகு சேசிஸ் என்பது 230 வோல்ற் உயிர்க்கம்பி. அன்றைக்குப் பிளக் எந்தப் பக்கம் குத்தப்பட்டிருந்தது என்பதும், அம்மாவின் கால் ஈரமாக இருந்தது என்பதும்தான் மிச்சம்.

இதைத் திருத்துவது மிக எளிது: வெட்டி எறிவது. மூன்று கம்பி வயர் போட்டு, பச்சை-மஞ்சள் கம்பியைச் சேசிஸில் தனி ஆணியால் இறுக்கிவிட்டால், அந்தக் கொண்டென்சர் செய்த வேலையை எர்த் இன்னும் நன்றாகச் செய்யும். அப்படியும் சேசிஸுக்கு ஒன்று தேவைப்பட்டால் ‘வை2’ வகுப்பு, 4.7 நானோபரட்டுக்கு மேற்படாமல், கசிவு 0.34 மில்லிஅம்பியர்தான். பழுதானால் குறுஞ்சுற்றாகாமல் துண்டித்துக்கொள்ளும்படி அந்த வகுப்பு வடிவமைக்கப்படுகிறது. நம் பழைய வீடுகளில் வட்டக்கால் சுவர்ப்பிளக்குகளின் மூன்றாவது ஓட்டையில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பதையும் மின்னியலாளரைக் கொண்டு பார்க்கவேண்டும். ஓட்டை இருந்து கம்பி இல்லாத வீடுகள் உண்டு.

ட்ரான்ஸ்போமரே இல்லாத பழைய மலிவு ரேடியோக்கள் இதில் சேராது. யூசிஎச்81, யூசிஎல்82, யூவை85 என்று ‘யூ’வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால், பெரும்பாலும் சேசிஸே மெயின்சின் ஒரு கம்பியோடு நேராகக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு எர்த் கொடுக்கப் போனால் பியூஸ் போகும், அல்லது ஆள். அவற்றைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

சுவிச்சையே மாற்றுவது

பழைய ரேடியோக்களிலும் எங்கள் அம்ப்பிலும் சுவிச் வால்யூம் குமிழின் முதுகில்தான் இருந்தது. திருகினால் ‘டிக்’ என்று தொடங்கும் அந்த வசதி எனக்குப் பிடிக்கும். ஆனால் 230 வோல்ற் மெயின்ஸ் கம்பியையும் மிகச் சிறிய ஒலிச் சமிக்ஞையையும் ஒரே குமிழில் கொண்டுவந்து சேர்ப்பது சரியான ஏற்பாடல்ல. பொறிக்கும் இடத்திலிருந்து ஒலிப்பாதைக்கு ஒரு சென்ரிமீற்றர்தான். ஐயா அதைத் துண்டித்துவிட்டு, பின்பக்கம் தனிச் சுவிச் ஒன்று போடச் சொன்னார். முன்பக்கக் குமிழ் இப்போதும் ‘டிக்’ என்கிறது; அதில் ஒன்றும் இணைக்கப்படவில்லை.

புதிய சுவிச் வாங்கும்போது அதன் முதுகில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ‘10(4) ஏ 250 வி’ என்று இருந்தால், அடைப்புக்குறிக்குள் உள்ள 4 அம்பியர்தான் சுருள் மாதிரியான சுமைக்கு. இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் வெட்டும் வகையே வேண்டும். தட்டும்போது ‘சடக்’ என்று விரைவாக விலகுவது நல்லது. விரலின் வேகத்துக்கு மெதுவாக விலகுவது வில்லை இழுத்துக்கொண்டு போகும். பழைய தொடுகைகளை அரத்தால் உரசுவதைப் பற்றிக் கேட்டேன். “உரஞ்சினால் ரெண்டு மாசம் நிக்கும், வெள்ளிப் பூச்சுப் போயிடும். பிறகு உரஞ்ச ஒண்டும் இராது” என்றார்.

போடும்போது வரும் திடீர் இழுப்புக்கு ஒரு தேமிஸ்டர் உதவும். சிஎல்-90 என்ற வகை குளிர்ந்திருக்கையில் 120 ஓம். அதனால் மெயின்ஸ் உச்சத்தில் போட்டாலும் 2.7 அம்பியருக்கு மேல் போகாது. சூடாகச் சூடாக அதன் தடை விழுந்து, சில வோல்ற் மட்டும் எடுத்துக்கொள்ளும். வால்வு இழைகளுக்கும் நல்லது. கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும் என்பதால் கம்பிகளைத் தொடாமல் பொருத்தவேண்டும். கரன்ட் போய் உடனே வந்தால் அது இன்னும் சூட்டில் இருக்கும், அப்போது காப்பாற்றாது. 2022 மின்வெட்டுக் காலத்தில் பழகியது போல, கரன்ட் போனால் முதலில் சுவிச்சை நிறுத்திவிடுவதே மேல். ‘பூச்சியத்தில் மட்டும் போடும்’ மின்னணு ரிலேக்களை விற்பவர்கள் இதற்கும் சிபாரிசு செய்வார்கள். ட்ரான்ஸ்போமருக்கு அது தலைகீழ்: வோல்ற்றளவு பூச்சியத்தில் இருக்கும்போது போடுவதுதான் அகணியை அதிகம் தெவிட்ட வைக்கும்.

கிற்றார் அம்ப்புகளில் ‘ஸ்ராண்ட்பை’ என்ற இரண்டாவது சுவிச் இருக்கும். அது 300, 400 வோல்ற் நேரோட்டத்தை வெட்டுகிறது. முன்னால் சொன்ன அந்த 30 வோல்ற் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். இதன் தொடுகைகளுக்குக் குறுக்கே 47 தொடக்கம் 100 கிலோஓம் வரையிலான, வோல்ற்றளவு தாங்கும் ஒரு றெசிஸ்டரைப் போட்டால் கொண்டென்சர்கள் மெதுவாக நிறைந்தபடி இருக்கும். போடும்போது ‘டப்’பும் பொறியும் வெகுவாகக் குறையும். ஈசெட்81 போல மெதுவாகச் சூடாகும் சீராக்கி வால்வு இருந்தால் இந்தச் சுவிச்சே தேவையில்லை.

எல்லாக் ‘கிறிக்’கும் அம்ப்பின் சுவிச்சிலிருந்து வருவதுமில்லை. பிரிஜ்ஜின் தேமோஸ்ராற், குழாய் விளக்கின் ஸ்ராட்டர் எல்லாமே இதே பொறியைத்தான் செய்கின்றன. அம்ப் ஓடும்போது நடுவில் ‘கிறிக்’ வந்தால் அடக்கவேண்டிய இடம் அங்கே. அம்ப்பின் பக்கத்தில் செய்யக்கூடியது, முதல் வால்வின் கிறிட் ஊசிக்கு மிக அருகில் ஒரு றெசிஸ்டர். ஈசிசி83 முதல் வால்வாக இருக்கும் கிற்றார் அம்ப்பில் 68 கிலோஓம் வழக்கம். அது வால்வின் உள்ளீட்டுக் கொள்ளளவத்தோடு சேர்ந்து 20 கிலோஹேர்ட்சுக்கு மேலே வெட்டத் தொடங்கும். இசைத்தட்டுக்கு 10 கிலோஓம் போதும்.

எங்கள் அம்ப்பில் இவை எல்லாம் செய்த பிறகும் மெல்லிய ‘டிக்’ ஒன்று மிஞ்சியது. எனக்கு ஏமாற்றம். ஐயா ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்துப் பார்த்தார். புதிய சுவிச்சுக்குப் போன மெயின்ஸ் கம்பிகளை நான் அழகாக நேராக, உள்ளீட்டுச் சொக்கெற்றுக்குப் பக்கத்தால் இழுத்திருந்தேன். அவற்றைக் கழற்றி ஒன்றோடொன்று இறுக்கி முறுக்கி, சேசிஸின் எதிர் மூலையோடு ஒட்டிப் படுக்க வைத்தார். ஐந்து நிமிட வேலை. மறுபடி போட்டு, சூடாகவிட்டு, நிறுத்தினோம். பாட்டு இரண்டு விநாடி இழுபட்டுத் தேய்ந்து போனது. அவ்வளவுதான் கேட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகும் அம்மா ஒரு மாதத்துக்கு அதைத் துடைக்கவில்லை. இப்போது துடைக்கிறா, ஆனால் முதலில் பிளக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு.